வீட்டில் வடிக்கும் பன்னீரும் ஓமத் தீநீரும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் பன்னீரும் ஓமத் தீநீரும் வடிப்பது தெரிந்ததிலிருந்து அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். மணம் வருகிறது, ஆனால் வெந்த வாடையும் சேர்ந்தே வருகிறது. வாசம் நன்றாக இருக்கிறது, வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. இல்லையென்றால் நாக்கு எரிகிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, கீழே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தீநீருன்னா என்ன? கடையில விக்கிற பன்னீரும் இதுவும் ஒண்ணுதானா?

பூவையோ விதையையோ தண்ணீரில் கொதிக்கவிட்டு, எழும்பும் ஆவியைக் குளிர வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பதுதான் தீநீர். சித்த வைத்தியத்தில் அதைப் பிடிக்கும் கருவிக்கு வாலை என்று பெயர். ஓமத் தீநீர் அங்கே பழைய மருந்து. ரோஜாவில் வடித்தால் பன்னீர்.

கடைப் பன்னீர் எல்லாமே வடித்தது இல்லை. தண்ணீரில் வாசனைப் பொருளைக் கலந்து அடைத்து விற்பதும் உண்டு. பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லாவிட்டால் அதைச் சர்பத்தில் ஊற்ற வேண்டாம், பூசைக்கும் முகத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்கா, இதுக்குன்னு தனியா வாலை வாங்கணுமா?

வேண்டாம். மூடி கவிழ்த்து வைக்கக்கூடிய ஒரு பெரிய எவர்சில்வர் சருவம் போதும். உள்ளே நடுவில் ஒரு செங்கல்லையோ கவிழ்த்த கிண்ணத்தையோ வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். சுற்றிலும் தண்ணீரும் பூவும். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கைப்பிடி கீழே பார்க்கும்படி வைத்து, மேலே குழிவாக இருக்கும் பக்கத்தில் ஐஸ்கட்டியை நிரப்புங்கள். ஆவி மூடியின் அடியில் பட்டு நீராகி, கைப்பிடி வழியே கிண்ணத்தில் சொட்டும்.

ஐஸ் உருக உருக மாற்ற வேண்டும், அதில் சோம்பல் கூடாது. நம் ஊர் வெயிலில் ஐஸ் சீக்கிரம் உருகிவிடும், மூடி சூடானால் மணம் விளிம்பு வழியாக அடுக்களை முழுக்கப் பரவும். வீடு மணக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அத்தனையும் கிண்ணத்தில் விழ வேண்டிய மணம்.

பூ எங்க வாங்கட்டு? தோவாளை சந்தையில வாங்குனா போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கறாராகப் பதில் சொல்வேன். தோவாளைச் சந்தைக்கு விடியற்காலையில் போனால் ரோஜா, பிச்சி, அரளி, சம்பங்கி என்று மலைமலையாகக் குவிந்திருக்கும், கண்ணுக்கும் மூக்குக்கும் விருந்துதான். ஆனால் அது மாலைக்கும் பூசைக்கும் வளர்த்த பூ, சாப்பிடுவதற்கு வளர்த்ததில்லை. செடிக்கு என்ன மருந்து, எப்போது அடித்தார்கள் என்று சந்தையில் யாருக்கும் சொல்லத் தெரியாது. சில மருந்துகள் ஆவியோடு சேர்ந்து மேலேறி வடிநீருக்குள்ளும் வந்துவிடும், வடித்துவிட்டால் சுத்தமாகிவிடும் என்பது தப்பு எண்ணம்.

அதனால் குடிக்கும் பன்னீருக்கு வீட்டுச் செடியின் பூ, இல்லையென்றால் மருந்தடிக்காத தோட்டம் என்று நேரில் பார்த்துத் தெரிந்த இடத்துப் பூ. சாமிக்குத் தெளிக்க, முகம் துடைக்க என்றால் சந்தைப் பூ போதும். ரகம் பன்னீர் ரோஜாவாக இருக்கட்டும்; கல்யாண மாலையில் வரும் பெரிய சிவப்பு ரோஜாவில் நிறம்தான் மிச்சம், வடித்தால் வெறும் தண்ணீர் மாதிரி வரும்.

பறிக்கும் நேரமும் முக்கியம். வெயில் ஏறுவதற்கு முன்னால், பனி காயும் முன்னால் பறித்து அன்று காலையிலேயே அடுப்பில் ஏற்றுங்கள். பையில் அழுத்திக் கட்டி வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கத் தொடங்கும், அந்தப் புளிப்பு வாடை கடைசிச் சொட்டு வரைக்கும் போகாது.

எவ்வளவு பூவுக்கு எவ்வளவு வெள்ளம்?

ரோஜாவுக்கு: காம்பும் பச்சையும் நீக்கிய இதழ் 250 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், பிடிக்க வேண்டியது 200 முதல் 250 மில்லி. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஓமத்துக்கு: 100 கிராம் ஓமத்தை லேசாக நசுக்கி (பொடிக்கக் கூடாது, பொடித்தால் நுரைத்துப் பொங்கும்) ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, மறுநாள் அரை லிட்டர் வரை பிடிக்கலாம்.

தண்ணீரைப் பற்றிய கவலை அதிகம் பேருக்கு. மணவாளக்குறிச்சி, முட்டம் மாதிரி கடலோரத்தில் கிணறு உவர்ப்பாக இருந்தாலும் உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும், மேலே ஏறாது. ஏறுவது குளோரின் வாடை. குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே கொதிக்கவைத்துத் திறந்து வைத்துவிடுங்கள்.

புட்டு அவிக்கிற மாதிரி பூவை மேல தட்டுல வச்சு ஆவிய மட்டும் விட்டா நல்லாருக்காதா?

ஓமத்துக்கு நன்றாக வரும், துளசிக்கும் தெருவைப்புல்லுக்கும் (எலுமிச்சைப்புல்) அதுதான் நல்லது. ரோஜாவுக்கு வேண்டாம். இதழ் ஆவி பட்டதும் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டி அடை மாதிரி ஆகிவிடும், அப்புறம் ஆவி நடுவில் நுழையாமல் ஓரத்துச் சந்து வழியாகவே ஓடும். மேல் இதழ் கறுத்திருக்க உள்ளே பாதிப் பூ பச்சையாகவே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ரோஜா இதழ் தண்ணீரில் மிதந்து புரள வேண்டும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் வடிப்பவர்களும் பூவைத் தண்ணீரோடுதான் செம்பு அண்டாவில் போடுகிறார்கள்.

எப்போ நிறுத்தணும்? கடைசி வரைக்கும் புடிச்சா வீணாவாதுல்லா?

வீணாவது அப்படிப் பிடித்தால்தான். நல்ல பன்னீருக்கும் சுமாரான பன்னீருக்கும் உள்ள வித்தியாசம் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். ஒரே கிண்ணத்தில் பிடிக்காமல், 50 மில்லிக்கு ஒரு கிண்ணம் என்று ஆறு சின்னக் கிண்ணங்களில் மாற்றி மாற்றிப் பிடித்து, வரிசையாக வைத்து, ஆறிய பிறகு முகர்ந்து, அரைக் கரண்டி வெந்நீரில் விட்டு நாக்கில் வையுங்கள். முதல் கிண்ணம் மூக்கில் குத்தும், காம்பை நசுக்கிய பச்சை வாடை கொஞ்சம் இருக்கும், ஆனால் மணத்தின் பெரும்பங்கு அதில்தான். இரண்டு, மூன்று, நான்கு உருண்டையாக, தேன் தொட்ட மாதிரி இருக்கும். ரோஜாவுக்கு அந்தத் தேன் குணத்தைத் தருவது ஃபினைல் எத்தனால் என்ற பொருள், அது தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் எண்ணெயைவிடப் பன்னீரில்தான் அது நிறையத் தங்குகிறது. ஐந்தாவது கிண்ணத்தில் வைக்கோல் வாடை லேசாக எட்டிப்பார்க்கும். ஆறாவது, ஆறிப்போன சாயாத்தூள் கொதித்த மாதிரி.

ஒன்று முதல் நான்கு வரை கலந்துகொள்ளுங்கள், ஐந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்த்து நிறுத்துங்கள், ஆறை முகம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்துவிட்டால் அப்புறம் கிண்ணமே வேண்டாம், அடுக்களையில் நிற்கும்போதே வாடை மாறுவது தெரிந்துவிடும். தீயும் அதேபோலத்தான். கொதி மெல்ல, பைய நடக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் வெந்த இதழின் சாறே திவலையாகத் தெறித்து மேலேறும்.

வடிச்ச உடனே அவிச்ச கீர வாடை அடிக்கி, கொட்டிரட்டா?

கொட்டாதீர்கள். கிண்ணத்தைப் பிரித்துப் பிடித்தபின்னும் புதிதாக வடித்த எந்தத் தீநீரிலும் ஒரு அடுப்பு வாடை இருக்கும். முதல் நாள் பாட்டிலின் வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள், அப்புறம் மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் விடுங்கள். நான் வடித்ததில் பாதிக்கு மேல் மூன்றாம் வாரம்தான் தன் குணத்தைக் காட்டியிருக்கிறது. முதல் நாள் முகர்ந்து பார்த்து என் மதினி ஒரு பாட்டிலைத் தொட்டியில் ஊற்றப்போனார், பிடுங்கி வைத்தேன், மாதம் கழித்து அதே பாட்டிலை எனக்குத் தரமாட்டேன் என்றுவிட்டார்.

ஒரு மாதம் கழித்தும் கீரை வாடை போகவில்லை என்றால் அது அடுப்பு வாடை இல்லை, கடைசிக் கிண்ணம் கலந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை.

மணம் இருக்கு, வாயில வச்சா சப்புன்னு இருக்கே?

வடித்த நீரில் உப்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து ஒன்றுமே இருக்காது, எல்லாம் பாத்திரத்தில் தங்கிவிட்டது. நம் நாக்கு பிறந்ததிலிருந்து கிணற்று நீருக்குப் பழகியது, இவை இல்லாத தண்ணீர் அதற்கு ஆளில்லாத வீடு மாதிரி. அதோடு கொதித்ததில் கரைந்திருந்த காற்றும் வெளியே போயிருக்கும். பன்னீரைத் தனியாகக் குடிக்காமல் நல்ல கிணற்று நீரில் ஒரு டம்ளருக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி சேர்த்து, சாயா ஆற்றுவதுபோல இரண்டு டம்ளரில் நாலு தடவை ஆற்றிக் குடியுங்கள். அந்த ஒரு வேலையிலேயே பாதி சப்பு போய்விடும்.

இன்னும் கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் உப்பு, லிட்டருக்குக் கால் கிராம். இரண்டு விரலில் எடுக்கும் சிட்டிகையிலும் குறைவுதான். உப்பு ருசி தெரிந்தால் கூடிவிட்டது. அதன் வேலை நாக்கில் தெரியாமல் மணத்தைத் தூக்கி நிறுத்துவது. வழவழப்புக்குப் பனங்கற்கண்டை முழுவதும் கரையவிட்டுச் சேருங்கள். கருப்பட்டி வேண்டாம், எனக்கு உயிர் அது, ஆனாலும் அதன் புகைமணத்துக்கு முன்னால் ரோஜா வாய் திறக்காது. அக்கானியில் (பதநீரில்) பன்னீர் ஊற்றிப் பார்த்தவர்களும் உண்டு. கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் ருசியும் ரோஜாவும் ஒன்றோடொன்று சேரவில்லை. ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி போட்டால் நீர் தொண்டையில் இறங்கும் விதமே மாறும்.

குளிர்ச்சியும் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் மணம் மேலெழும்பாது. மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சிதான் பன்னீருக்கு அளவு.

ஓமத்துல வடிச்சது நாக்கு எரியுது, தொண்ட காந்துது. ஓமம் கூடிப்போச்சா?

ஓமம் கூடவில்லை, எண்ணெய் பிரிக்கப்படவில்லை. கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ஓமத்தில் 2 முதல் 4 கிராம் வரை எண்ணெய் இருக்கும், அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேல்வரை தைமால், ஓமத்தின் மணமும் காரமும் அதிலிருந்துதான். தைமால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு கிராம்தான் கரையும், அப்படியானால் உங்கள் அரை லிட்டரில் அரை கிராம்தான் தங்கும். மிச்சம் மேலே கண்ணுக்குத் தெரியாத படலமாக மிதக்கும், முதல் வாய் குடிப்பவருக்கு அந்தப் படலம் முழுசாகக் கிடைக்கும்.

குறுகிய கழுத்துள்ள பாட்டிலில் ஊற்றி இரண்டு நாள் அசையாமல் வைத்தால் படலம் கழுத்தில் வந்து கூடும், பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். பின்பு பருத்தித் துணியை நாலாக மடித்து, முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதன் வழியே வடிகட்டுங்கள். நனைந்த துணி தண்ணீரை விட்டு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்த துணி என்றால் எண்ணெயும் சேர்ந்து இறங்கிவிடும். குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெந்நீர். ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலில் வெள்ளையாகச் செதில் படிந்தால் பயப்பட வேண்டாம், கரையாத தைமால்தான் உறைந்திருக்கிறது, வடிகட்டிவிடுங்கள்.

செம்புப் பாத்திரத்துல வடிச்சா ருசி கூடுமாமே?

கொதிக்கும்போது சில பூவிலும் இலையிலும் கந்தகம் கலந்த முட்டை வாடை எழும், செம்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் பழைய வாலைகள் செம்பில் இருக்கின்றன. ஆனால் பன்னீர் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, களிம்பேறிய செம்பில் தங்கினால் களிம்பு இறங்கும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்க முடியுமென்றால் செம்பு, இல்லையென்றால் எவர்சில்வர். அலுமினியம் எதற்குமே வேண்டாம்.

குக்கர்ல டியூப் மாட்டி வடிக்கலாமா?

வடிக்கலாம், நானும் செய்திருக்கிறேன், ஒருமுறை பயந்தும் போயிருக்கிறேன். வெயிட்டை எடுத்துவிட்டு அந்தத் துளையில் டியூபை மாட்டியிருந்தேன், ஒரு இதழ் உள்ளிருந்து வந்து துளையை அடைத்தது, சொட்டு நின்றது, தண்ணீர் தீர்ந்துவிட்டதாக்கும் என்று கிட்டே போனபோது பாதுகாப்பு வால்வு சீறிக்கொண்டு திறந்தது. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பூவை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து போடுங்கள், சொட்டு நின்றால் முதல் வேலை அடுப்பை அணைப்பது. டியூப் உணவுக்கான சிலிக்கான் டியூபாக இருக்க வேண்டும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸ் ஆவி பட்டால் தன் வாடையைப் பன்னீரில் இறக்கிவிடும்.

பிச்சிப்பூ நம்ம ஊருல இவ்வளவு கிடைக்கே, அத வடிக்கக் கூடாதா?

ஆசை எனக்கும் இருந்தது. மூன்று தடவை வடித்தேன், மூன்றும் வெந்த பூவின் வாடைதான். பிச்சி, மல்லியின் மணம் சூடு தாங்காது, அதனால் அவற்றை வீட்டில் நேரடியாக வடிப்பது சரிவராது. எள்ளோடு அடுக்கடுக்காகப் பரப்பி மணத்தை எள்ளுக்குள் ஏற்றி, அந்த எள்ளை ஆட்டுவது பழைய வழி. வடிக்க ஏற்ற பூ தாழம்பூ. ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்தில் அதைத்தான் பெரிய அளவில் வடிக்கிறார்கள், நம் ஓடைக்கரையில் நிற்கும் தாழையிலும் நன்றாக வரும். ஒரு டம்ளருக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள்.

சித்தி, இதே வாலையில வோட்கா மாதிரி ஒண்ணு வடிச்சா என்ன? துபாய்ல ஃபிரண்ட்ஸ் எல்லாம் அதப்பத்திப் பேசுகானுவ.

கூடாது மக்களே. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது வடிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், வீட்டுக்குள் ஒரு பாட்டில் என்றாலும் குற்றம்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மெத்தனாலுக்குத் தனி மணமோ ருசியோ தெரியாது, முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. மேலே சொன்ன கிண்ணம் பிரிக்கும் வித்தை பன்னீருக்கானது, அதில் தவறினால் வாடைதான் கெடும்.

ஆனால் உன் நண்பர்கள் பேசும் அந்த மென்மை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அது இதே பாடம்தான். வோட்கா ஆலைகளில் ஏறக்குறைய தூய ஆல்கஹாலாகும் வரை வடித்துவிட்டு, பிறகு தண்ணீர் சேர்த்து 40 சதவீதத்துக்கு இறக்குகிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 37.5க்குக் கீழே போனால் வோட்கா என்று விற்க முடியாது. அப்படிப் பார்த்தால் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர், அந்தத் தண்ணீரின் ருசிதான் நாக்கில் படும் விதத்தைத் தீர்மானிக்கும் விஷயங்களில் ஒன்று. நீ பன்னீருக்கு நல்ல கிணற்று நீரைத் தேடு, அதே வித்தைதான்.

பிள்ளைக்கு வயித்து வலிக்கு ஓமத் தீநீர் குடுக்கலாமா?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும் வீட்டில் வடித்ததைக் கொடுக்காதீர்கள், மேலே எண்ணெய்க் கணக்கைப் பார்த்தீர்கள், ஒவ்வொரு தடவையும் காரம் ஒரே அளவாக வராது. டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் அப்படியே.

எவ்ளோ நாள் இருக்கும்?

பாட்டிலையும் மூடியையும் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, முழுக்க உலர்த்தி நிரப்பினால் ஃபிரிட்ஜில் மூன்று மாதம் தைரியமாக வைக்கலாம், ஆறு மாதம் வரையும் இருந்திருக்கிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, காற்றில் ஈரம் குறைவதே இல்லை, வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சின்னச் சின்னப் பாட்டிலாக நிரப்பி ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நூல் மாதிரி ஏதாவது மிதந்தால், மணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

கிராம்புல வடிச்சேன், எண்ணெய் மேல மிதக்காம அடியில போய்க் கிடக்கு. கெட்டுப்போச்சா?

கெடவில்லை, உங்கள் கிராம்பு நல்ல கிராம்பு. கிராம்பின் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால், அது தண்ணீரைவிடக் கனம், அதனால் முத்து முத்தாக அடியில் உட்காரும். நம் மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு எண்ணெய்ச் சத்துக்காகவே பேர்பெற்றது, கன்னியாகுமரி கிராம்பு என்று புவிசார் குறியீடும் வாங்கியது.

ஆனால் ஓமத்துக்குச் சொன்ன வழி இதில் தலைகீழாகும். மேலே ஒற்றி எடுக்க ஒன்றுமில்லை. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, பாட்டிலை ஆட்டாமல் சாய்த்து மேல்நீரை மட்டும் இறுத்து, கடைசி இரண்டு விரற்கடை நீரை எண்ணெயோடு விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் முத்து ஒன்று உள்ளே போனாலும் வாய் மரத்துப்போகும், அப்புறம் எந்த ருசியும் தெரியாது. இறுத்த நீரையும் நனைந்த துணியில் வடிகட்டி, ஒரு டம்ளர் சுக்குவெந்நீருக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் போதும்.